மோட்டர் வாங்க முன் போட்ட கணக்கு

வயல்களை மேலிருந்து படமெடுக்கும் சிறிய பற்றரி விமானமொன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து கொழும்பில் செய்தோம். உடலும் இறக்கையும் மற்றவர்கள் பாடு. மோட்டர், புரொப்பெல்லர், பற்றரி என் பொறுப்பு. இப்படியொன்றைச் செய்ய நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த மோட்டர் வாங்கலாம்?" என்றுதான். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் விமானத்துக்கு எவ்வளவு வலு தேவை என்று பார்க்க வேண்டும். எங்களுடையது 2.4 கிலோ. விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஏற்றவிசைக்கும் அதைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் இழுவைக்குமான விகிதத்தை 10 என்று எடுத்தோம். அப்படியென்றால் மட்டமாகப் பறக்கும்போது இழுவை ஏறத்தாழ 2.35 நியூற்றன், செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் 35 வாற். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் புரொப்பெல்லர் 65 வீதம், மோட்டர் 80, மோட்டரின் வேகத்தை ஆளும் மின்கருவியான வேகக் கட்டுப்படுத்தி 95 என்று வினைத்திறன்களைப் பெருக்கிப் பாருங்கள், பாதிதான் மிஞ்சும். ஆக பற்றரி 70 வாற் கொடுக்க வேண்டும், காமெராவுக்கும் தன்னியக்கக் கருவிக்கும் இன்னும் 6. ஒன்றேகால் மணித்தியாலம் பறக்க 95 வாற்-மணி. பற்றரியை 80 வீதத்துக்கு மேல் வடிக்கக் கூடாது என்று வைத்தால் 119.

பெற்றோல் ஒரு கிலோவில் 12,000 வாற்-மணி அளவு இருக்கிறது. நல்ல லித்தியம் செல்லில் 250. ஐரோப்பாவில் 2020 ஜூனில் சான்றிதழ் பெற்ற பிப்பிஸ்ட்ரெல் வேலிஸ் எலெக்ட்ரோ என்ற இரண்டு பேர் விமானம் 24.8 கிலோவாற்-மணி பற்றரியோடு பறப்பது 50 நிமிடமளவுதான். பாரம் கூடினால் இழுவை கூடும், இழுவை கூடினால் பற்றரி கூடும், பற்றரி கூடினால் மறுபடி பாரம். அதனால்தான் லித்தியம் பொலிமர் பற்றரியை விட்டு 21700 என்ற அளவு (21 மில்லிமீற்றர் விட்டம், 70 மில்லிமீற்றர் நீளம்) உருளை லித்தியம் அயன் செல்களுக்குப் போனோம். நாலு தொடராக, இரண்டு சமாந்தரமாக, மொத்தம் எட்டுச் செல். 144 வாற்-மணி, 560 கிராம். அதே சக்திக்குப் பொலிமர் பற்றரி 900 கிராம் பக்கம் வரும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இந்தச் செல்கள் பெரிய மின்னோட்டத்தை விரும்புவதில்லை. செக்கனுக்கு 3 மீற்றர் ஏற 235 வாற் வேண்டும், அது 16 அம்பியர், ஒரு செல்லுக்கு 8. நாங்கள் எடுத்த செல்லின் எல்லை 10க்குக் கிட்ட. பற்றரி முக்கால்வாசி தீர்ந்த நிலையில் தரையிறக்கம் சரிவராமல் மீண்டும் மேலெழ வேண்டி வந்தால், வோல்ற்றளவு 12.5க்குச் சரிந்துவிடும். நிரம்பியிருக்கும்போது 16.8. மேல் எல்லையில் மோட்டர் வேகாமலும், கீழ் எல்லையில் விமானம் ஏறக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மோட்டரின் கேவி என்னும் எண்ணை, அதாவது ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை, 600 சுற்றில் வைத்தது இதனால்தான்.

புறக்கோட்டைக் கடையொன்றில் கேட்டபோது, "தம்பி, 1200 கேவி இருக்கு, நல்லா இழுக்கும், கொண்டு போங்கோ" என்றார் முதலாளி. இழுக்கும்தான், நிலத்தில் கட்டிவைத்தால். அதோடு அவர் காட்டிய புரொப்பெல்லரின் புரி, அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம், 4.5 அங்குலம். நிமிடத்துக்கு 7000 சுற்றில் அது காற்றைத் துளைத்துப் போகும் வேகம் செக்கனுக்கு 13 மீற்றர் சொச்சம். எங்கள் பறப்பு வேகம் 15. அந்த வேகத்தில் அது அநேகமாகக் கையை விரித்துவிடும். பெட்டியில் அச்சிட்ட உந்துவிசை எண்கள் எல்லாம் அசையாமல் நிற்கும்போது எடுத்தவை. அவற்றை நம்பி யாரும் காசைக் கொட்ட வேண்டாம். நாங்கள் எடுத்தது 12 அங்குல விட்டம், 8 அங்குலப் புரி.

அதையும் சோதிக்க வேண்டுமே. விசையை அளக்கும் சுமை உணரியில் மோட்டரைப் பூட்டி ஒரு தாங்கி செய்தோம். வெள்ளவத்தை வீட்டின் அறைக்குள் ஓட்டினால் காற்று சுழன்று திரும்பி வந்து அளவீட்டைக் குழப்பியது. மொட்டை மாடிக்குப் போனால் கடற்காற்று. விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போதுதான் எண்கள் ஒருமித்தன. (சத்தத்துக்கு மன்னித்த கீழ்வீட்டு அக்காவுக்கு நன்றி.) அப்புறம் தாங்கியை ஒரு வான் வண்டியின் கூரையில் கட்டி, கொழும்புக்கு வெளியே ஒரு தனியார் காணியின் நேர்ப்பாதையில் மணிக்கு 54 கிலோமீற்றரில் ஓட்டி அளந்தோம். எனக்கு மிக உதவிய அளவீடு அதுதான். வெளிநாட்டு அட்டவணைகள் பெரும்பாலும் 15 பாகை செல்சியஸ் வெப்பநிலைக் காற்றுக்குப் போட்டவை என்பதையும் மறக்காதீர்கள். நம் 32 பாகையில் அடர்த்தி 6 வீதமளவு குறைவு.

செல்களை வெளிநாட்டிலிருந்து இறக்குவதில் பொறுமை வேண்டும். தனியாகப் பொதியிட்ட லித்தியம் அயன் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரலிலிருந்து தடை. சரக்கு விமானத்தில் என்றாலும் சார்ஜ் 30 வீதத்தைத் தாண்டக் கூடாது. பறப்புக்கு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதியை வேலை தொடங்கும்போதே கேட்டு வையுங்கள். இரத்மலானை விமான நிலையம் இவ்வளவு கிட்ட இருக்கையில் கொழும்பில் நினைத்த இடத்தில் பறக்கவிட முடியாது.

பறந்தபோது பதிவுக் கருவி 76க்குப் பதில் 85 வாற் பக்கம் காட்டியது. மோட்டரும் புரொப்பெல்லரும் சேர்ந்த உந்துதொகுதியின் எண்கள் வான் வண்டியின் கூரையில் அளந்தவற்றோடு ஒத்துப்போயின, மிச்சம் உடலில்தான். காமெராத் துளையையும் இறக்கை மூட்டு இடைவெளியையும் ரேப் ஒட்டி மூடியதும் 80க்கு இறங்கியது. அந்த 4 வாற் எங்கே போகிறது என்பதில் உடல் செய்தவர்களுக்கும் எனக்கும் இன்னும் வாக்குவாதம்.