பிரஷர் பார்க்கச் சலூனுக்குப் போகலாமா?

போன கிழமை விசுவமடுவில் சின்ன மாமாவைப் பார்த்துவிட்டு வந்தேன். பாரிசவாதம் வந்து வலது கை இன்னும் எழும்பவில்லை, வயது 52தான். முன்பு எப்போதாவது பிரஷர் பார்த்தீர்களா என்று மாமாவைக் கேட்டால் மாமிதான் பதில் சொன்னா: "பாம்பு கடிச்சால்தான் இந்த மனுசன் ஆஸ்பத்திரிக்குப் போகும்."

35 வயது தாண்டிய யாரும் பிரஷர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்க்க அரசாங்க நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே வருவது பெரும்பாலும் பெண்கள்தான். வேலை நாள் காலையில் போய் இருந்தால் ஆண்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. அப்படியே போனாலும் டொக்டருக்குச் சிங்களம், இவருக்குத் தமிழ், நடுவில் யாரோ மொழிபெயர்க்க, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு "ஒண்டுமில்லை" என்று எழும்பி வந்துவிடுவார்கள். எனக்கே அப்படி நடந்திருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பின ஆண்களுக்கும் ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை குறைவு. காரணம் இருக்கிறது: அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற மேக நோய் வந்த கறுப்பின ஆண்களுக்கு வேண்டுமென்றே வைத்தியம் செய்யாமல் வேடிக்கை பார்த்தது அரசாங்கம். (அரச கட்டடம் என்றாலே வரும் தயக்கத்தை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.) லொஸ் ஏஞ்சலஸில் கறுப்பின ஆண்கள் முடி வெட்டப் போகும் 52 சலூன்களில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2018இல் முடிவு வந்தது. சில சலூன்களில் முடி வெட்டுபவர் "டொக்டரிடம் போ, சாப்பாட்டைக் கவனி" என்று சொன்னதோடு சரி. மற்றவற்றில் மருந்தாளர் சலூனுக்கே வந்து பிரஷர் பார்த்து, டொக்டரோடு பேசி வைத்த முறைப்படி அங்கேயே மருந்தும் எழுதினார். ஆறு மாதத்தில் முதல் கூட்டத்துக்குப் பிரஷரின் மேல் எண் 9 இறங்கியது, இரண்டாவது கூட்டத்துக்கு 27. ஆக, புத்திமதி மட்டும் காணாது, மருந்தும் கதிரைக்கு வர வேண்டும்.

இங்கே மருந்தாளர் மருந்து எழுத முடியாது, ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ் தெரிந்த ஒரு டொக்டர் சந்திச் சலூனில் இருக்கலாமே? எங்கள் சலூன்கார அண்ணையிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "முதல்ல எனக்குப் பாருங்கோ தம்பி, காலமை எட்டு மணியில இருந்து நிக்கிறன்" என்றார். வயதைக் கேட்டேன், 47. இதுவரைக்கும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம்.