உத்தரவு எந்த ஊரிலிருந்து வந்தால் என்ன?

ஐ.நா. அமைதிப் பணிக்குக் கிளம்பும் வீரர்களுக்கு வகுப்பெடுப்பவர் யாரும் ருவாண்டாவைத் தாண்டிப் போக முடியாது. 1994இல் அங்கே துட்சி இன மக்களைக் கொன்று குவித்த இனப்படுகொலை நடந்தது. ஏப்ரல் 7 அன்று, ஐ.நா. படையில் இருந்த பெல்ஜியம் வீரர்கள் 10 பேர் தலைநகர் கிகாலியில் கொல்லப்பட்டார்கள். 11ஆம் தேதி, ஒரு தொழிற்பள்ளியில் காவலுக்கு இருந்த பெல்ஜியம் படைக்குக் கிளம்பச் சொல்லி உத்தரவு. உள்ளே சுமார் 2,000 பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள், வெளியே கத்தியோடு ஒரு கூட்டம் காத்திருந்தது. வண்டிகளை மறித்து அழுதவர்கள் உண்டு. போவதானால் எங்களைச் சுட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சியவர்களும் உண்டு. வண்டிகள் போய்விட்டன.

வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது ஒரு ஹவில்தார் தமிழில் கேட்டார்: "சார், தலையில ஐ.நா.வோட நீலத் தொப்பி, உத்தரவு மட்டும் அவங்கவங்க ஊர்ல இருந்து. உலகத்துக்கே ஒரே படை, ஒரே கமாண்டர்னு இருந்திருந்தா அந்த ஸ்கூலை விட்டுப் போயிருப்பாங்களா?"

என்னிடம் பதில் தயாராகவே இருந்தது. 1945இல் எழுதிய ஐ.நா. சாசனத்தின் 43ஆவது பிரிவே நாடுகள் படை தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஐந்து வல்லரசுகளின் தளபதிகள் உட்கார்ந்து பேசினார்கள். எல்லோரும் சமமாகத் தர வேண்டும் என்றது சோவியத் யூனியன். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1948இல் பேச்சு நின்றது. அந்தப் பிரிவின்படி இன்றுவரை ஒரு ஒப்பந்தம்கூடக் கையெழுத்தாகவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அப்படியே ஒரு படை அமைஞ்சாலும், அது தப்புப் பண்ணினா தட்டிக்கேட்க உலகத்துல யாரு மிச்சம் இருப்பாங்க?" என்றேன்.

"சரிதான் சார். ஆனா உள்ள இருந்த 2,000 பேருக்கு உத்தரவு எந்த ஊர்ல இருந்து வந்தா என்ன?"

நான் கானா நாட்டு ஜெனரல் ஹென்றி அன்யிடோஹோவைப் பற்றிச் சொன்னேன். ஐ.நா. பாதுகாப்பு சபை ருவாண்டாவில் இருந்த படையை 270 பேராகக் குறைக்கச் சொன்ன நேரத்தில், தன் அரசைக் கேட்பதற்கு முன்பே 'நாங்கள் இருக்கிறோம்' என்று முடிவெடுத்தவர். கடைசியில் அந்தப் படையின் தளபதியான கனடா நாட்டு ஜெனரல் ரோமியோ தலேரோடு தங்கிய சில நூறு பேர் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்கள். "படையை விட ஆள்தான் முக்கியம்" என்றேன்.

"அப்படி ஒரு ஆள் கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டா சார் போறது?"

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யோசிக்க யோசிக்க, நான் சொன்ன உதாரணம் அவர் பக்கம்தான் பேசுகிறது. சில நூறு பேர் நகராமல் நின்றதற்கே அவ்வளவு உயிர் பிழைத்தது என்றால், நகராமல் நிற்பதையே வேலையாகக் கொண்ட 5,000 பேர் இருந்திருந்தால்?

ஆனால் என் பயமும் காற்றில் பிடித்ததல்ல. அமைதி காக்கப் போன நம் படை யாழ்ப்பாணத்தில் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். 1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரே நாட்டுப் படை, ஒரே உத்தரவு, குழப்பமே இல்லை. இத்தனைக்கும் அதைக் கேள்வி கேட்க ஒரு பாராளுமன்றம் இருந்தது, பத்திரிகைகள் இருந்தன, கடைசியில் 1990இல் திரும்பியும் வந்தது. உலகப் படையை யார் திருப்பி அழைப்பார்கள்? இதை ஏன் அன்று அவரிடம் சொல்லவில்லை என்று பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். சீருடையில் இருக்கிற ஒருவரிடம், நாளை விமானம் ஏறப் போகிறவரிடம், டீ கிளாஸோடு நின்று சொல்லும் விஷயமா அது? சொல்லியிருக்கலாம் என்றும் தோன்றுகிறது. அவர் சின்னப் பிள்ளை இல்லை.

உலகம் முழுக்க ஒரே ராணுவம் என்பதை இன்றும் நான் ஏற்கவில்லை. ஆனால் கூப்பிட்டால் உடனே கிளம்பும் சிறிய ஐ.நா. படைப்பிரிவு ஒன்று இருக்கட்டுமே என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன். டென்மார்க் முன்னின்று 1996இல் அப்படி ஒன்றைத் தொடங்கவும் செய்தது. 2000இல் எத்தியோப்பியா, எரித்ரியா எல்லைக்குப் போனார்கள், நன்றாகவே செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஆள் அனுப்புவதா வேண்டாமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யும் என்று விதி. 2009இல் மூடிவிட்டார்கள். ஹவில்தாரிடம் இதைச் சொன்னால் அந்த விதியைத்தான் பிடித்துக்கொள்வார்.