மடோகா பார்க்கப் போறீங்களா? மூணாவது எபிசோடு வரைக்கும் எழுந்துக்காதீங்க

பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் அனிமே பேசுற பசங்களுக்கு: ‘மடோகா மாஜிகா’ (2011) ஜப்பான் அனிமேஷன் தொடர், மொத்தம் 12 எபிசோடு, ஒவ்வொண்ணும் சுமார் 24 நிமிஷம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தா ராத்திரி சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிடும். முதல் ரெண்டுல ரிப்பன், கவுன், பூனை மாதிரி ஒரு வெள்ளைக்குட்டி, பேரு கியூபே. “குழந்தைங்க சமாச்சாரம்”னு எழுந்து போறது இங்கதான். மூணாவதுல தரை நழுவும்.

கியூபே பேச்சைக் கூர்ந்து கேளுங்க. கேட்காததை அது சொல்லவே சொல்லாது. ஒரு முடிச்சை மட்டும் இப்பவே அவிழ்க்கிறேன்: ஆறாவது எபிசோடுலதான் தெரியும், ஒரு ஆசை நிறைவேற, மந்திர சக்திப் பொண்ணா மாற கியூபேகிட்ட ஒப்பந்தம் போட்ட பொண்ணோட உயிர் உடம்புல இல்ல, சோல் ஜெம்ங்கிற கல்லுக்குள்ள. அந்தக் கல்லை விட்டு 100 மீட்டர் தாண்டினா உடம்பு சாஞ்சிடும். படிக்காம கந்துவட்டிப் பத்திரத்துல கையெழுத்துப் போட்ட கதைதான் அது. எனக்கு இந்தத் தொடர்ல ரொம்பக் கொடுமையான இடம் அதுவே.

ஓப்பனிங் பாட்டை ஓட்டிவிடாதீங்க. பத்தாவதுல அது கடைசியில வரும்; அது யாரோட மனசுன்னு அப்போ புரியும்.

2012ல வந்த ரெண்டு படமும் இதே கதையோட தொகுப்பு. 2013ல வந்த ‘ரெபெல்லியன்’ புதுக்கதை. தொடரை முடிக்காம அதைப் போட்டா தலையும் புரியாது, வாலும் புரியாது.