பக்கி பார்க்கப் போய் மனை பார்த்த கதை

கோழியெல்லாம் அடைகிற நேரத்தில் மாப்பிள்ளை குருவி பார்க்கக் கிளம்பினால் எந்த மாமியாருக்குத்தான் கவலை வராது? "காட்டுல பூச்சி பொட்டு கெடக்கும், பாத்துப் போங்க" என்றார் அத்தை. கையில் பைனாகுலர், கழுத்தில் துண்டு, இடுப்பில் டார்ச். போன சனிக்கிழமை கயத்தாறு பக்கத்து உடைமரக் காட்டுக்குள் இப்படித்தான் போனேன்.

பக்கி என்கிற அந்த ராத்திரிப் பறவையைப் பகலில் தேடுவதும் ஒன்று, தேடாமல் இருப்பதும் ஒன்று. சருகும் மண்ணும் கலந்த நிறத்தில் தரையோடு தரையாகக் கண்ணை மூடிக் கிடக்கும். மிதிக்கப் போனால்தான் எழும்பும். இருட்டு கட்டின பிறகுதான் வாய் திறக்கும். சக்... சக்... சக், சக்சக்கர்ர்ர்... தரையில் நழுவிய பிங்பாங் பந்து துள்ளித் துள்ளி அடங்குமே, அதே சத்தம். டார்ச் அடித்தால் கண் கங்காக மின்னும். நமக்கு வாய்த்த ஊரிலோ திரும்பிய பக்கமெல்லாம் காற்றாலை, அதன் உச்சியிலும் சிவப்பு விளக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் வெகுநேரம் உற்றுப் பார்த்தது அதைத்தான்.

ஒருவழியாக விடத்தலைப் புதருக்குப் பக்கத்தில் சத்தம் கேட்டது. குனிந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, முள்ளில் ஒரு கால் வைத்து, அதையும் பொறுத்துக்கொண்டு நகர்கிறேன். பின்னால் பைக் வெளிச்சம். பக்கி கப்சிப்.

"அண்ணாச்சி, எடம் பாக்க வந்தியளா?"

"இல்லைங்க, பறவை பார்க்க."

அவர் சிரித்தார். "வெலையக் கொறைக்கணும்னா எல்லாரும் இப்படி ஏதாவது சொல்லத்தான் செய்வாவ. எல்லைக்கல்ல பாக்க பைனாகுலர் வேற கொண்டாந்திருக்கிய!"

அப்போதுதான் கவனித்தேன். போன பொங்கலுக்கு வெறும் புதராக இருந்த இடத்தில் வரிசையாக மஞ்சள் கல், நடுவில் கிராவல் ரோடு, முகப்பில் ஒரு வளைவு. அவர் விடவில்லை. முப்பதடி ரோடு, நாற்பதடியில் நல்ல தண்ணி, வில்லங்கம் சுத்தம், பத்திரச் செலவில் பாதி அவர்களே போடுவார்களாம். அந்தப் பறவைக்குக் கூடு கட்டுகிற பழக்கமே கிடையாது, வெறுந்தரையில் இரண்டு முட்டை இட்டுவிட்டு அடைகாக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "மண்ணு அவ்வளவு ராசி அண்ணாச்சி" என்றார்.

போன் நம்பரைக் கொடுக்காமல் அங்கிருந்து கால் எடுக்க முடியவில்லை.

வீட்டில் வந்து புலம்பினால், முள்ளை எடுத்துவிட்டுக்கொண்டே என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "சென்ட் என்ன விலை சொன்னார்?" மச்சானோ ஒரு படி மேலே போய், கிழக்குப் பார்த்ததா என்று விசாரிக்கிறான். முள் எடுக்கிற இடத்தில் பேச்சு வீட்டுக் கடன் வட்டி வரை போனது. பக்கி கிடைத்ததா என்று அந்த வீட்டில் ஒரு ஜீவன் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி அந்த மனை விற்கிறவரிடமிருந்து ஒரு போட்டோ. ஒரே இருட்டு, ஆட்டம். நடுவில் மஞ்சள் கல். அதன்மேல் பிடித்து வைத்த மண்ணாக ஒன்று, அதில் சிவப்பாக ஒரு பொட்டு. கீழே எழுதியிருந்தார்: "அண்ணாச்சி, ஒங்க குருவி நம்ம கார்னர் மனையிலதான் உக்காந்திருக்கு. வேற பார்ட்டி கேக்காவ. சீக்கிரம் சொல்லுங்க."

மனுஷன் ராத்திரியில் பைக்கை அணைத்துவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ. என்ன பதில் போடுவது என்று யோசிப்பதற்குள், இவள் போனை வாங்கி "அட்வான்ஸ் எவ்வளவு?" என்று அனுப்பிவிட்டாள்.