அட்டாமியில ஒரு கற்பூர மரம்

டோக்கியோல கொடாமாங்கிற ஷின்கான்சென் புல்லட் ரயில் ஏறினா அட்டாமிக்கு முக்கால் மணி நேரம்தான். எல்லாரும் அங்க வெந்நீர் ஊத்துல குளிக்கப் போவாங்க, நான் போனது ஒரு மரத்தைப் பாக்க. அட்டாமில மாறி இட்டோ லைன்ல அடுத்த ஸ்டேஷன் கினோமியா, இறங்கி பொடிநடையா போனா அந்த மரம் இருக்குற கோயில் வந்துடும்.

கோயிலுக்குப் பின்னாடிதான் விஷயமே இருக்கு. குசுனோக்கின்னு சொல்ற கற்பூர மரம், வயசு 2000க்கு மேலங்கிறாங்க, அடிமரச் சுத்தளவே கிட்டத்தட்ட 24 மீட்டர். முண்டும் முடிச்சுமா, வெடிப்புல பாசி படிஞ்சு, பாக்க பாறை மாதிரி இருக்கு. அதுல வைக்கோல் கயிறு கட்டி வெள்ளைக் காகிதம் மடிச்சு தொங்கவிட்டிருக்காங்க, சாமி குடியிருக்குற மரம்னு அடையாளம்.

இந்தக் கற்பூர மரம் லாரல் குடும்பத்தைச் சேர்ந்தது. லாரல்னா கிரேக்கத்துல ஜெயிச்சவன் தலையில வைக்கிற இலைக் கிரீடம்தானே ஞாபகம் வரும், ஆனா அந்த லாரல் ஜப்பானுக்கு ரொம்ப லேட்டா வந்த செடி. ரஷ்யாவை ஜெயிச்சதுக்காக 1906ல ஜப்பான் கடற்படை அட்மிரல் டோகோ டோக்கியோ ஹிபியா பார்க்ல ஒண்ணு நட்டாரு. கெக்கெய்கான்ங்கிற சாக்கே (அரிசி மது) பாட்டில் பேருக்கு அர்த்தமும் லாரல் கிரீடம்தான், 1905ல வச்ச பேரு. அதெல்லாம் இறக்குமதிப் பெருமைன்னுதான் எனக்குத் தோணுது. அதே குடும்பத்துல நம்ம பட்டை, பிரிஞ்சி இலையோட இந்தக் கற்பூர மரமும் சேர்த்தி, ஜப்பான்காரங்க காலங்காலமா கும்பிடுறது இதைத்தான்.

முன்னாடி இங்க ஏழு பெரிய மரம் இருந்துச்சாம். 1850 வாக்குல மீன்பிடி உரிமைத் தகராறுல ஊரே கோர்ட்டு வழக்குன்னு அலைஞ்சு, செலவுக்குக் காசில்லாம அஞ்சை வெட்டி வித்துட்டாங்க. இதையும் அறுக்க ரம்பத்தை வச்சப்ப ஒரு நரைச்ச தலைப் பெரியவர் கையை விரிச்சு மறிச்சாராம், ரம்பம் ரெண்டா ஒடிஞ்சுது, ஆளையும் காணோம். கதையோ நிஜமோ, மரம் தப்பிச்சுது.

ஒரு சுத்து சுத்தினா ஒரு வருஷம் ஆயுசு கூடும்னு நம்பிக்கை, வேண்டுதலை மட்டும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. கைத்தடி ஊனிட்டு ஒரு பாட்டி நிதானமா சுத்திட்டு இருந்தாங்க, நானும் அவங்க பின்னாலயே போனேன். கீழ கிடந்த இலையைக் கசக்கி மோந்தா அப்படியே நம்ம கோயில் தீபாராதனை வாசம்!

போறவங்க ஏப்ரல் கடைசியில போங்க, பழைய இலை கொட்டி புதுசு துளிர்க்கிற நேரம். கோயிலுக்குள்ளயே கஃபே இருக்கு, சாப்பாட்டுக் கவலை வேண்டாம்.