மேல் தாழ்ப்பாள்

ஜூன் 3

நேற்று இரவு டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் ‘குரங்கின் பாதம்’ கதையை நான்காவது முறையாகப் படித்தேன். 1902இல் வெளிவந்த சிறுகதை. மூன்று வரம் தருவதாகச் சொல்லப்படும், காய்ந்துபோன ஒரு குரங்குப் பாதம். தந்தை 200 பவுன் கேட்கிறார். மகன் வேலை செய்யும் இடத்தில் இயந்திரத்தில் சிக்கி இறக்கிறான்; அதற்கு ஈடாக அதே 200 பவுன் வீடு தேடி வருகிறது. அவனை அடக்கம் செய்த பிறகு தாய் பிடிவாதமாக இரண்டாவது வரத்தைக் கேட்க வைக்கிறாள். என் பிள்ளை திரும்பி வரவேண்டும். அன்று இரவே கதவு தட்டப்படுகிறது.

முடிவு தெரிந்த கதைதான். ஆனாலும் தாழ்ப்பாள் வந்த இடத்தில் கை சில்லிட்டுப்போனது. கீழ்த் தாழ்ப்பாளை நீக்கிவிடுகிறாள். மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை. கீழே வரும்படி கணவரைக் கூப்பிடுகிறாள். அவரோ மாடியில் தரையைத் தடவித் தடவிப் பாதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். கீழே நாற்காலியை இழுத்துப்போடும் சத்தம் கேட்கிறது. பிறகு தாழ்ப்பாள் மெல்ல நகரும் கிறீச்சொலி. அந்த நொடியில் பாதம் கையில் அகப்பட, அவர் கடைசி வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவு திறக்கும்போது ஆளில்லாத சாலையும் ஒரு தெருவிளக்கும்தான் இருக்கின்றன.

வெளியே நின்றதை ஜேக்கப்ஸ் காட்டவே இல்லை. நாற்காலியை மட்டும் காட்டினார்.

ஜூன் 4

தங்கை தொலைபேசியில் பேசினாள். அவளுக்குப் பேய்க்கதை என்றாலே ஆகாது. “தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள இவ்வளவு பாடா அண்ணா?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. கதையையே அனுப்பிவைத்தேன்.

ஜூன் 6

படித்துவிட்டாள். “எனக்குப் பயமே வரவில்லை. அந்த அம்மாவை நினைத்து அழுதேன். அவர் மூன்றாவது வரத்தைக் கேட்டிருக்கக் கூடாது அண்ணா. அவள் கதவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.”

இரண்டு நாளாக இதே நினைவு என்று சொன்னாள். நான்கு முறையும் நான் மாடியில் தந்தையோடுதான் நின்றிருக்கிறேன். கதை அவர் காதில் விழுவதைத்தான் சொல்கிறது என்பதால் வேறு இடம் இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. இவள் முதல் வாசிப்பிலேயே கீழே இறங்கி, நாற்காலியின் மேல் ஏறி நின்றுவிட்டாள்.

ஜூன் 7

தொல்காப்பியத்தில், உணர்ச்சிகள் உடலில் வெளிப்படும் மெய்ப்பாடுகளைச் சொல்லும் மெய்ப்பாட்டியலை எடுத்து வைத்துக்கொண்டேன். “அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.” அணங்கு என்னும் வருத்தும் தெய்வமும் விலங்கும் கள்வரும் அச்சம் தருவது யாருக்கும் விளங்கும். நான்காவதாக நம்மை ஆளும் தலைமையையும் அந்தப் பட்டியலில் வைத்தவரை எண்ணி வியக்கிறேன். திகில் கதைகளில் பாதி இந்த நான்காவதில்தான் பிறக்கின்றன: நம்மைக் காக்கவேண்டியவர் கையிலேயே விளக்கு அணைகிறது.

எட்டு மெய்ப்பாடுகளின் வரிசையில் அச்சத்துக்கு முன்னால் நிற்பது மருட்கை, அதாவது வியப்பு. இளிவரல், அதாவது இழிவுணர்ச்சி, அதற்கும் முன்னால். இருண்ட மிகுபுனைவு (டார்க் ஃபேன்டஸி) என்று நாம் சொல்லும் எழுத்து முழுவதும் மருட்கைக்கும் அச்சத்துக்கும் நடுவே குடியிருப்பதாக எனக்குப் படுகிறது. தங்கை அழுததும் இங்கே பொருந்துகிறது. அச்சத்தோடு இன்னொரு மெய்ப்பாடு கைகோத்து வந்தால்தான் கதை மனத்தில் தங்குகிறது. ஜேக்கப்ஸில் அது அழுகை.

ஜூன் 9

புதிய நாவல் ஒன்றைப் பாதியில் மூடிவிட்டேன். ஏழு கொலைகள், ஒவ்வொன்றிலும் குடல்வரை வருணனை. அருவருப்பு வந்தது, அச்சம் வரவில்லை. இறந்தவர்களில் ஒருவர் பெயர்கூட இப்போது நினைவில் இல்லை.

ஜூன் 12

கலிங்கத்துப்பரணி. இதை இருண்ட மிகுபுனைவாகப் படிக்கவேண்டும் என்று பல நாளாக ஆசை. செயங்கொண்டாரின் பேய்கள் பசியால் வாடிக் கிடந்து, போர் முடிந்த களத்தில் காளிக்காகக் கூழ் சமைக்கின்றன. சமையலுக்கு முன் என்ன செய்கின்றன? பல் துலக்குகின்றன. யானைக் கொம்பு பல்குச்சி. யானையின் விலா எலும்பு நாக்கு வழிக்க. குருட்டுப்பேய்க்கும் ஊமைப்பேய்க்கும்கூடக் கூழ் வார்க்கச் சொல்லும் பரிவு வேறு!

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் உறைத்தது. பல்குச்சி என்ற அன்றாடப் பொருள் வழியாகக் கண் களத்துக்குள் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் சுற்றிலும் பிணங்கள். இங்கே அச்சத்தோடு வருவது நகை. வீட்டுக்குள் செய்வதைப் போலவே பேய்களும் செய்கின்றன என்பதால்தான் அந்த உலகம் நம்பும்படி இருக்கிறது. கற்பனை எவ்வளவு இருண்டதோ, அவ்வளவுக்கு அதன் சில்லறைக் காரியங்கள் துல்லியமாக இருக்கவேண்டும். இன்று எழுதுகிற பலர் அரக்கனின் உயரத்தைச் சொல்கிறார்கள், அவன் எப்படி வாய் கொப்பளிப்பான் என்பதைச் சொல்வதில்லை.

ஜூன் 16

தங்கையே கேட்டாள்: “வேறு ஏதாவது படித்துக் காட்டு.” மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை எடுத்தேன். 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று கவிஞர் பைரன் சொன்னதிலிருந்து தொடங்கியது. அப்போது மேரிக்கு 18 வயது. முந்தைய ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால் கோடையே குளிர்ந்து மழையாகக் கிடந்தது. 1818இல் முதல் பதிப்பு ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது. இதைச் சொன்னதும் தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது.

ஜூன் 19

படைத்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனே அஞ்சி ஓடிப்போன அந்த உயிர், ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்து வாழும் பகுதிக்கு வந்தோம். சுவரின் சிறு இடுக்கு வழியாக உள்ளே இருக்கும் குடும்பத்தைப் பார்க்கிறது. பேசக் கற்றுக்கொள்கிறது. அவர்களுக்காக இரவில் விறகு சேர்த்து வைக்கிறது. ஒருநாள் மற்றவர்கள் வெளியே போயிருக்க, கண் தெரியாத முதியவர் தனியாக இருக்கிறார். அது வாசலுக்கு வந்து கதவைத் தட்டுகிறது.

படிக்கும்போதே எனக்குக் குரல் இறங்கியது. அதே கதவு, அதே தட்டல். இந்த முறை நாங்கள் இருவரும் வெளியே நின்றுகொண்டிருந்தோம்.

யாரென்று கேட்கிறார் முதியவர். உள்ளே வரச் சொல்கிறார்.

“அண்ணா, நிறுத்து” என்றாள். “மற்றவர்கள் எப்போது திரும்பி வருவார்கள்?”

“சீக்கிரம்.”

“அப்படியானால் இன்றைக்கு இதுவரை போதும். கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருக்கட்டும்.”