பாடும் கட்டைகள்

இன்று காலை, இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் ‘செரனேட்’ பாடலை, பியானோ கலைஞர் லிஸ்ட் பியானோவுக்கென எழுதித் தந்த வடிவத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது, முதல் நீண்ட சுரத்திலேயே நின்றுவிட்டேன்.

கட்டையை அழுத்தினேன். ஒலி பிறந்தது, பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கியது.

பாடகருக்கு மூச்சு இருக்கிறது. பிடித்த சுரத்தை அவரால் வளர்க்க முடியும். பியானோவிலோ, சுத்தி கம்பியைத் தட்டிவிட்டு விலகிய பிறகு அந்தச் சுரத்தை வளர்க்க வழியே இல்லை. ஆகவே முந்தைய சுரம் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறதோ, அந்த அளவிலிருந்தே அடுத்ததைத் தொடங்க வேண்டும். கிட்டார் மீட்டுவதுபோல் வரும் பக்கவாத்தியப் பகுதியையும் அடக்கி வாசிக்க வேண்டும். அப்போதுதான் காது இரண்டு சுரங்களையும் ஒரே இழையாகக் கேட்கிறது.

1838-39இல் இதை எழுதிய லிஸ்ட், பாடலின் சொற்களும் சுரங்களோடு அச்சாக வேண்டும் என்று விரும்பினார். பாட ஆளில்லாத தாளில் சொற்கள் எதற்கு என்று வெகுநாள் எண்ணியிருந்தேன். இன்று அவற்றை வாய்விட்டுப் பாடிக்கொண்டே வாசித்தபோது, எங்கே மூச்சு வாங்கினேனோ அங்கே மணிக்கட்டு தானாக உயர்ந்தது.

பிற்பகுதியில் அதே மெட்டு ஒரு ஸ்தாயி மேலே எதிரொலியாகத் திரும்பி வருகிறது. ஷூபர்ட் எழுதாத எதிரொலி அது. ஒற்றைக் குரலால் பாடிக்கொண்டே தனக்கு மறுமொழி சொல்ல இயலாது. பத்து விரல்களால் இயலுகிறது.

அந்த இடத்தை மட்டும் நான்கு முறை வாசித்தேன். எதிரொலி முதல் குரலைவிட ஒரு மயிரிழை மெலிந்து விழுந்தது நான்காம் முறைதான்.